நம்ம பழைய இலக்கிய ஹீரோக்கள் எதுக்கு நாணப்படுறாங்க?

சாயங்காலம் ப்ளஸ் டூ பசங்களுக்கு தமிழ் ட்யூஷன் எடுக்குறேன். சிலப்பதிகாரம் நடத்திட்டு இருக்கும்போது ஒரு பையன் எழுந்து நின்னு கேட்டான், "சார், கோவலன் கடைசி வரைக்கும் ஒண்ணுமே பண்ணலையே சார், சண்டை கூட போடல, அவன் எப்படி சார் ஹீரோ?" அன்னைக்கு ஏதோ சமாளிச்சு ஒரு பதில் சொல்லி அனுப்பிட்டேன், ஆனா வீட்டுக்கு வந்தும் அந்தக் கேள்வி என்னை விடல. ஏன்னா அவன் கேட்டது கோவலனைப் பத்தி மட்டும் இல்ல, ஹீரோன்னா யாரு, அதை எதை வச்சு முடிவு பண்றதுங்கிறதுதான் கேள்வி. வீரம், அழகு, கொடை, ஒழுக்கம்னு லிஸ்ட் போட்டா எல்லாரும் ஒரே மாதிரிதான் தெரியுவாங்க. புறநானூற்று ராஜா, அகப்பாட்டுல வர்ற தலைவன், கோவலன், சீவகன், கம்பனோட இராமன், இராவணன், கும்பகர்ணன் இவங்களை எல்லாம் பக்கத்துல பக்கத்துல வச்சு திரும்பத் திரும்பப் படிச்சப்போ எனக்கு ஒண்ணு பிடிபட்டுச்சு: ஒருத்தன் எந்த மாதிரி ஹீரோன்னு தெரியணும்னா அவன் எதைச் சாதிச்சான்னு பாக்குறதை விட எதுக்கு நாணப்படுறான்னு பாத்தா போதும்.

நாண்னா இன்னைக்கு நாம சொல்ற வெட்கம் இல்ல. பொண்ணு பாக்க வரும்போது தலை குனியிறது அதுல ஒரு சின்ன துண்டு. வள்ளுவர் நாணுடைமைன்னு தனியா ஒரு அதிகாரமே வச்சிருக்காரு, 102வது, அதுல "பிறர்நாணத் தக்கது தான்நாணா னாயின் அறம்நாணத் தக்கது உடைத்து"ன்னு வரும், அதாவது ஊரே கூசிப்போற ஒரு காரியத்துக்கு செஞ்சவன் கூசலைன்னா அறமே கூசிப்போய் அவனை விட்டு விலகிடும்னு அர்த்தம். இதுக்குக் கீழ நான் போகமாட்டேன்னு ஒருத்தன் தனக்குத் தானே போட்டு வச்சிருக்குற கோடுதான் நாண். அந்தக் கோடு ஒவ்வொருத்தனுக்கும் ஒவ்வொரு எடத்துல இருக்கு.

முதல்ல வெண்ணிக்குப் போவோம், இப்போ திருவாரூர் மாவட்டத்துல நீடாமங்கலம் பக்கம் கோயில்வெண்ணின்னு இருக்கே அந்த ஊரு. அங்க நடந்த போர்ல கரிகாலன் ஜெயிச்சான், எதிர்த்து நின்ன சேரமான் பெருஞ்சேரலாதன் தோத்தான். தோத்தது அவனுக்குப் பெரிசா படல, முதுகுல புண் பட்டுருச்சுங்கிறதுதான் தாங்க முடியல. உடனே போர்க்களத்துலயே வாளைப் பக்கத்துல வச்சுட்டு வடக்கு பாத்து உக்காந்து சாப்பாடு தண்ணி இல்லாம உயிரை விட்டுட்டான், அதைத்தான் வடக்கிருத்தல்னு சொல்வாங்க. கழாத்தலையார் அதை புறநானூறு 65வது பாட்டுல பாடுறாரு, அதுல ஒரு சின்ன வார்த்தையை எல்லாரும் தாண்டிப் போயிடுறோம்: "தன்போல் வேந்தன் முன்பு குறித்து எறிந்த புறப்புண் நாணி". கரிகாலன் வேலை எறிஞ்சது முன்பக்கம் நெஞ்சைக் குறி வச்சு. அது உடம்பைத் துளைச்சுட்டு முதுகு வழியா வந்துருச்சு. அவன் ஓடவும் இல்ல, திரும்பிக் கூட பாக்கல. யாரும் அவனைக் கோழைன்னு சொல்லியிருக்க மாட்டாங்க, ஆனாலும் முதுகுல ஒரு புண் இருக்கு, நாளைக்கு யாராவது அதைப் பாத்தா கதை தெரியாம பேசுவாங்க, அந்த ஒரு வாய்ப்பு கூட இருக்கக் கூடாதுன்னு அவன் முடிவு பண்ணிட்டான். (இந்தப் புண்ணை ஞாபகம் வச்சுக்கோங்க, கடைசியில இதுக்கு திரும்ப வரணும்.)

அடுத்த பாட்டு 66, பாடினது வெண்ணிக் குயத்தியார், அதே ஊர்ல மண்பாண்டம் செய்யுற குலத்துப் பொம்பளை. அவங்க ஜெயிச்ச கரிகாலன் முன்னாடியே, நீ ஜெயிச்சவன்தான், ஆனா "நின்னினும் நல்லன் அன்றே" அந்த வடக்கிருந்தவன், உன்னை விட அவன் நல்லவன் இல்லையான்னு கேட்டுட்டாங்க! நாடு பூரா கொண்டாடிட்டு இருக்குற நேரத்துல ஒரு குயவர் வீட்டுப் பொம்பளை ராஜாவோட மூஞ்சிக்கு நேரா இதைச் சொல்லியிருக்காங்க, அந்தப் பாட்டை அழிக்காம நம்ம ஆளுங்க தொகுத்தும் வச்சிருக்காங்க. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கும். தோத்தவனையும் ஹீரோன்னு சொல்ற தைரியம் நம்ம இலக்கியத்துக்கு ஆரம்பத்துலயே இருந்திருக்கு. இந்தச் சாவு அந்தக் காலத்தை எவ்வளவு உலுக்கியிருக்குன்னா, அகநானூறு 55ல மாமூலனாரும் இதைக் கொண்டு வர்றாரு, பொண்ணு காதலனோட போயிட்டா, தாய் சொல்றா, அவ போனதுக்குக் கூட நான் வருத்தப்படல, அவளைப் பிரிஞ்சும் இந்த உயிர் போகாம இருக்கேன்னுதான் வருத்தப்படுறேன், சேரலாதன் வடக்கிருந்த சேதி கேட்டதும் சான்றோர் எல்லாம் அவன் கூடவே உயிரை விட்டாங்களே, எனக்கு அது வாய்க்கலையேன்னு. போர்க்களத்துக் கதை ஒரு அம்மாவோட அழுகைக்குள்ள வந்து உக்காந்திருக்கு.

இதே வகையில இன்னொருத்தன் சேரமான் கணைக்கால் இரும்பொறை. சோழன் செங்கணான்கிட்ட தோத்து குடவாயில் கோட்டத்துச் சிறையில கிடக்கும்போது தாகத்துக்குத் தண்ணி கேட்டிருக்கான், காவல்காரங்க உடனே தரல, லேட்டா கொண்டு வந்து கொடுத்திருக்காங்க. அந்தத் தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு குடிக்காமலே செத்துப் போனான். அவன் பாட்டுதான் புறம் 74, குழந்தை செத்துப் பொறந்தாலும், வெறும் சதைப் பிண்டமா பொறந்தாலும் அதையும் ஆளா மதிச்சு வாளால கீறித்தான் புதைக்குற குலம் எங்களுது, அப்படிப்பட்ட நான் பகைவன்கிட்ட வாயைத் திறந்து தண்ணி கேட்டுட்டேனேன்னு வரும். எதிரி அவனை அவமானப்படுத்தினதை விட, தானே வாயைத் திறந்து கேட்டதுதான் அவனைக் கொன்னுச்சு.

புறப்பாட்டு ஹீரோக்கள் எல்லாருமே இந்த ரகம்தான்னு நினைச்சுடக் கூடாது, கொடையாளி ஹீரோன்னு இன்னொரு ரகம் அங்கயே இருக்கு. அவனுக்கு முதுகுப் புண் பிரச்சினை இல்ல, வாசல்ல வந்தவன் வெறுங்கையோட திரும்பிப் போறதுதான் நாண். பாரியோட பறம்பு மலையை மூவேந்தரும் சேர்ந்து முற்றுகை போட்டப்போ கபிலர் அவங்ககிட்ட சொல்றாரு, உங்க யானையும் தேரும் வாளும் இங்க வேலைக்கு ஆகாது, யாழை வாசிச்சுக்கிட்டு ஆடிப் பாடிட்டு வாங்க, நாட்டையும் மலையையும் அவனே கொடுத்துடுவான்னு (109). இது வெறும் கிண்டல்னு பல பேரு விளக்கம் சொல்லுவாங்க, எனக்கு அப்படிப் படல, அது அப்படியே உண்மை, பாரியோட பலமும் அதுதான் பலவீனமும் அதுதான். குமணன் இன்னும் ஒரு படி மேல. தம்பி நாட்டைப் புடுங்கிக்கிட்டான், அண்ணன் காட்டுல ஒளிஞ்சிருக்கான், அவன் தலைக்கு விலை வேற. அங்கயும் தேடிப் போய் பெருந்தலைச் சாத்தனார் பரிசு கேக்குறாரு. கொடுக்க ஒண்ணும் இல்லாதவன் வாளை எடுத்து நீட்டி என் தலையை வெட்டிட்டுப் போ, உனக்குக் காசு கிடைக்கும்ங்கிறான். அதுக்கு அவன் சொன்ன காரணம்தான் முக்கியம், பாடிட்டு வந்தவன் வாடிப்போய் திரும்புறது நான் நாட்டை இழந்ததை விட எனக்குக் கஷ்டம்னு (165).

அப்புறம் அகப்பாட்டுத் தலைவன். இவனுக்குப் பேரே கிடையாது. "சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்"னு தொல்காப்பியம் கண்டிஷனா சொல்லிடுச்சு, காதலிக்கிறவன் யாரா வேணா இருக்கலாம், படிக்கிற நீங்களாவும் இருக்கலாம். இவன்கிட்ட நாண் தலைகீழா வேலை செய்யுது. பொண்ணு கிடைக்கலைன்னா பனை மட்டையால குதிரை செஞ்சு அதுல ஏறி, எருக்கம்பூ மாலையைப் போட்டுக்கிட்டு, அவ பேரைச் சொல்லிக்கிட்டே தெருவுல வருவேன், ஊரே சிரிக்கட்டும்கிறான். மடலேறுறதுன்னு இதுக்குப் பேரு. குறுந்தொகை 17ல "மாவென மடலும் ஊர்ப"ன்னு பேரெயின் முறுவலார் ஆரம்பிப்பாரு. குறள்ல இதுக்குன்னே நாணுத் துறவுரைத்தல்னு அதிகாரம், "நாணொடு நல்லாண்மை பண்டுடையேன் இன்றுடையேன் காமுற்றார் ஏறும் மடல்", முன்னாடி நாணும் ஆண்மையும் வச்சிருந்தேன், இப்போ இருக்குறது மடல் மட்டும்தான். முதுகுல ஒரு புண்ணுக்காக ஒருத்தன் செத்த அதே நாட்டுல, அதே காலத்துல, இன்னொருத்தன் ஒரு பொண்ணுக்காக நாணை நடுத்தெருவுல கழட்டிப் போடத் தயாரா நிக்குறான், ரெண்டு பேரையும் தலைவனா ஏத்துக்கிட்டாங்க. பொண்ணு மட்டும் மடலேறக் கூடாதுன்னும் அதே தொல்காப்பியம் சொல்லுது. நாணைத் துறந்து பேர் வாங்குற உரிமை ஆம்பளைக்கு மட்டும்தான் இருந்திருக்கு, இது எனக்கு ரொம்ப நாளா உறுத்துற விஷயம். அந்த உறுத்தலுக்கு பதில் சொல்ற மாதிரி ஒருத்தி வர்றா, அவளுக்கு வர்றதுக்கு முன்னாடி அவ புருஷனைப் பாத்துடலாம்.

காப்பியம்னா "தன்னிகர் இல்லாத் தலைவனை" உடையதா இருக்கணும்னு தண்டியலங்காரம் இலக்கணம் சொல்லுது, அது சிலப்பதிகாரத்துக்கு ரொம்பப் பின்னாடி வடமொழி வழியா வந்த இலக்கணம். அந்த அளவுகோலை எடுத்துக்கிட்டுப் போய் கோவலனை அளந்தா என் ட்யூஷன் பையன் கேட்ட கேள்விதான் வரும். ராஜா இல்ல, வணிகன். பொண்டாட்டியை விட்டுட்டு மாதவிகிட்ட போனான், சொத்தை அழிச்சான், மதுரைக்குப் போனான், அரசியோட சிலம்பைத் திருடிட்டான்னு ஒரு கொல்லன் சுமத்துன பொய்க் குற்றச்சாட்டுக்கு ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுறதுக்கு முன்னாடியே குடிபோதையில இருந்த ஒருத்தன், "கல்லாக் களிமகன்"னு இளங்கோ சொல்றாரு, வாளை வீசி வெட்டிட்டான். கிளைமாக்ஸே அவன் செத்ததுக்கு அப்புறம்தான்.

ஆனா அடைக்கலக் காதையை பொறுமையா படிச்சா வேற ஒரு கோவலன் தெரியுறான். மதுரைக்கு வெளிய மாடலன்கிற மறையோன் அவனைப் பாத்து மூணு பேரு சொல்லிக் கூப்பிடுறான். மதம் பிடிச்ச யானை ஒரு வயசான அந்தணரைத் துதிக்கையில பிடிச்சப்போ அவரை விடுவிச்சு அது மேலயே பாஞ்சு ஏறி அடக்கினதால கருணை மறவன். கீரிப்பிள்ளையை அவசரப்பட்டுக் கொன்ன பாவத்துக்காக புருஷன் விட்டுட்டுப் போன ஒரு பொண்ணுக்குக் காசு கொடுத்து அந்தப் பாவம் தீரவச்சு குடும்பத்தைச் சேத்து வச்சதால செல்லாச் செல்வன். பொய்ச்சாட்சி சொன்னவனை, தப்பு செஞ்சவங்களைத் தண்டிக்குற சதுக்கப்பூதம் பிடிச்சுட்டப்போ அவனோட அம்மா அழுறதைத் தாங்காம என் உயிரை எடுத்துக்கிட்டு அவனை விட்டுடுன்னு பூதத்துகிட்ட கேட்டு, அது முடியாதுன்னு ஆனதும் அந்தக் குடும்பத்தையே பல வருஷம் காப்பாத்தினதால இல்லோர் செம்மல். இவ்வளவையும் செஞ்சவன்தான் அவன்! இதை எல்லாம் இளங்கோ முன்னாடியே ஒரு வீரக்கதை மாதிரி சொல்லி நம்மளைக் கைதட்ட வச்சிருக்கலாம், ஆனா சாகுறதுக்குக் கொஞ்சம் முன்னாடி, இன்னொருத்தர் வாயில, பழைய ஞாபகமா சொல்ல வைக்குறாரு. யார் சாகப் போறான்னு அப்பதான் நமக்குத் தெரியுது, இதை விடக் கொடுமையான எழுத்துத் திறமை எனக்குத் தெரிஞ்சு இல்ல.

இப்போ கோவலனோட நாண் எங்க இருக்குன்னு பாருங்க. மாதவியை விட்டுட்டு வீட்டுக்கு வந்து கண்ணகிகிட்ட அவன் முதல்ல சொல்றது, முன்னோர் சேத்து வச்ச மலை மாதிரி செல்வத்தைத் தொலைச்சுட்டேன், "இலம்பாடு நாணுத் தரும் எனக்கு", இந்த வறுமை எனக்கு நாணத்தைத் தருதுன்னு. கவனிங்க, உன்னை விட்டுட்டுப் போனது நாணத்தைத் தருதுன்னு அந்த எடத்துல அவன் சொல்லல. அவன் வணிகன், அவன் கோடு பணத்துல இருக்கு. வழி நடந்து, கண்ணகி கால் நோக நடந்ததைப் பாத்து, மதுரை ஆயர் வீட்டுல அவ சமைச்சுப் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டதுக்கு அப்புறம்தான் அந்தக் கோடு நகருது, பெரியவங்க மனசைக் கூட நோகடிச்சுட்டேன், உனக்கும் சிறுமை செஞ்சேன், எழுந்து வான்னதும் வந்துட்டியேன்னு கலங்குறான், அடுத்து சிலம்பை எடுத்துட்டு கடைவீதிக்குப் போறான், திரும்பி வரல. ஒருத்தனோட நாண் பணத்துல இருந்து மனுஷிக்கு நகர்ற தூரம்தான் புகார்ல இருந்து மதுரை. அந்தப் பையனுக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான்: கோவலன் ஜெயிச்ச ஹீரோ இல்ல, திருந்துன ஹீரோ, திருந்துன அன்னைக்கே செத்த ஹீரோ.

அதே ஊர்ல பாண்டியன் நெடுஞ்செழியன் இன்னொரு விதம். கண்ணகி சிலம்பை உடைச்சு மாணிக்கப் பரல் தெறிச்சதும் அவன் ஒரு நிமிஷம் கூட வாதாடல. கொல்லன் பேச்சைக் கேட்ட "யானோ அரசன் யானே கள்வன்", "கெடுகவென் ஆயுள்"னு சொல்லி அங்கயே விழுந்து செத்துட்டான். தப்பு செஞ்சவன்தான், ஒரு நிரபராதியைக் கொன்னவன்தான், ஆனா இன்னைக்கு வரைக்கும் நமக்கு அவன் மேல கோபம் நிக்கல, ஏன்னா அவனோட நாண் சரியான எடத்துல இருந்துச்சு.

கண்ணகிக்கு வருவோம். மதுரைக் காண்டம் பாதி வரைக்கும் நாணோட உருவமா இருந்தவ, தலைவிரி கோலமா ஒத்தைச் சிலம்பைத் தூக்கிட்டு நடுத்தெருவுல வந்து "சான்றோரும் உண்டுகொல்", "தெய்வமும் உண்டுகொல்"னு ஊரைப் பாத்துக் கேக்குறா. மடலேறுன ஆம்பளை மாதிரி அவளும் தெருவுக்கு வந்துட்டா, ஆனா அங்க நாணப்பட வேண்டியது அவ இல்ல, ஊரு. அறம் நாணத் தக்கதுன்னு வள்ளுவர் சொன்னது அப்படியே நடக்குற எடம் அது. அதுக்கு அப்புறம் இளங்கோ செஞ்ச வேலையைப் பாத்தா அவரு யாரை ஹீரோவா நினைச்சாருன்னு சந்தேகமே வராது. போர்ல செத்த வீரனுக்குக் கல்லு நடுறதுக்கு தொல்காப்பியம் ஒரு வரிசை சொல்லும்: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல். கல்லைத் தேடிப் பாக்குறதுல ஆரம்பிச்சு, எடுத்து, தண்ணியில நீராட்டி, நட்டு, சிறப்பு செஞ்சு, வாழ்த்துற வரைக்கும். இப்போ வஞ்சிக் காண்டத்தோட காதைப் பேருகளைப் படிங்க: காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதை. மாடு மீட்கப் போய் செத்த மறவனுக்குச் செய்யுற அதே சடங்கை, அதே பேர்ல, வரிசை மாறாம, ஒரு வணிகர் வீட்டுப் பொண்ணுக்குச் செஞ்சிருக்காரு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006ல கிடைச்ச தமிழி எழுத்துள்ள (தமிழோட பழைய எழுத்து வடிவம்) நடுகல்லுல ஆகோள்னு, அதாவது மாடு கவர்ற சண்டைன்னு இருக்கு, அந்த மாதிரிக் கல்லுதான் வீரனுக்கு அடையாளம், நெல்லு தூவிக் கும்புட அந்தக் கல்லைத் தவிர வேற கடவுள் இல்லைன்னு புறம் 335ல மாங்குடி கிழார் பாடியிருக்காரு. அந்த மரியாதையைத் தூக்கி கண்ணகிக்குக் கொடுக்க சேரன் செங்குட்டுவன் இமயத்துல கல்லெடுத்து, தோத்த வடநாட்டு ராஜாக்கள் கனக விசயர் தலையில ஏத்தி, கங்கையில நீராட்டிக் கொண்டு வர்றான். இது பக்திக் கதை மட்டும் இல்ல, ஹீரோங்கிற சொல்லுக்கே இளங்கோ கொடுத்த புது அர்த்தம்.

மணிமேகலையைப் பத்தி தனியா ஒரு நாள் எழுதணும், இங்க ஒண்ணு மட்டும். தன்னைப் பொருள் விலையாட்டின்னு இகழ்ந்து பேசின சோழ இளவரசன் உதயகுமரன் பின்னாடியே தன் மனசு போகுதுன்னு அவ தோழி சுதமதிகிட்ட வெளிப்படையா சொல்லிடுறா, "புதுவோன் பின்றைப் போனது என் நெஞ்சம்"னு. ஒளிச்சு வைக்கல. ஆசையே இல்லாத துறவி இல்ல அவ, ஆசை எங்க இருக்குன்னு தெரிஞ்சுகிட்டே அமுதசுரபியை எடுத்துட்டு பசிச்சவன்கிட்ட போனவ, சிறைச்சாலையை அறச்சாலையா மாத்திக் கொடுன்னு ராஜாகிட்டயே வரம் கேட்டவ. சோத்துப் பாத்திரம்தான் அவளோட ஆயுதம்.

சீவகன் இதுக்கெல்லாம் நேர் எதிர், ஜெயிக்குற ஹீரோ. சுடுகாட்டுல பொறந்து, வணிகர் வீட்டுல வளந்து, எட்டுக் கல்யாணம் பண்ணி, அப்பாவைக் கொன்ன கட்டியங்காரனைக் கொன்னு நாட்டைப் புடிக்குறான், மணநூல்னே அந்தக் காப்பியத்துக்கு இன்னொரு பேரு. படிக்கப் படிக்க எனக்கு அவன் மேல பெரிசா ஒட்டுதல் வந்ததில்ல, கடைசிப் பகுதி வர்ற வரைக்கும். ஒரு சோலையில ஆண் குரங்கு தன் ஜோடிக்குப் பலாச்சுளையைக் கொடுக்குது, தோட்டக்காரன் அதை அடிச்சு விரட்டிட்டுப் பழத்தைப் புடுங்கித் தின்னுடுறான். அதைப் பாத்துட்டு நிக்குற சீவகனுக்கு உறைக்குது, கட்டியங்காரன் அந்தக் குரங்கு மாதிரி, நான் இந்தத் தோட்டக்காரன் மாதிரி. முப்பது வருஷ ஆட்சியும் பழிவாங்கலும் ஒரு பலாச்சுளையில சுருங்கிடுச்சு, துறவுக்குப் போயிட்டான். நீதியை நிலைநாட்டினேன்னு நினைச்சுட்டு இருந்த ஒரு ஹீரோ தன் வெற்றிக்கே நாணப்படுறது வேற எங்கயும் நான் இவ்வளவு எளிமையா படிச்சதில்ல.

இனி கம்பன். கம்பன்கிட்ட நாண்ங்கிற சொல் வர்ற எடத்தை எல்லாம் மட்டும் தொகுத்தாலே ஒரு தனி இராமாயணம் கிடைக்கும். மறைஞ்சிருந்து விட்ட அம்பு வாலி நெஞ்சுல தைக்குது, அதைப் பிடிச்சு நிறுத்தி அதுல இருக்குற பேரைப் படிக்குறான், இராமன். கோபம் வரணும் இல்லையா? அவனுக்குச் சிரிப்பு வருது, அடுத்து நாண் வருது, "நகைவர நாண்உட் கொண்டான்". எதுக்கு? எங்களுக்காகப் போய் வில்லறத்தை விட்டுட்டானே, இவனால சூரிய குலமே பழைய அறத்தை விட்ட மாதிரி ஆச்சேன்னு. சாகுறவன் தன்னைக் கொன்னவனுக்காக நாணப்படுறான். அந்த ஒரு வரியில வாலி வில்லன் லிஸ்ட்ல இருந்து வெளிய வந்துடுறான்.

இராவணனுக்கு வேற. முதல் நாள் போர்ல எல்லாத்தையும் இழந்துட்டு, "இன்று போய்ப் போர்க்கு நாளை வா"ங்கிற வார்த்தையைக் காதுல வாங்கிட்டு வெறுங்கையோட இலங்கைக்குத் திரும்பினவன் படுக்கையில கிடக்கான். வானம் சிரிக்கும், மண்ணு சிரிக்கும், எதிரி எல்லாம் சிரிப்பான், அதுக்கெல்லாம் அவன் நாணல. "சானகி நகுவள் என்றே நாணத்தால் சாம்புகின்றான்". மூவுலகத்தையும் நடுங்க வச்சவனோட நாண் முழுக்க ஒரே ஒரு பொம்பளையோட சிரிப்புல மாட்டிக்கிட்டு இருக்கு. பரிதாபமும் அருவருப்பும் ஒண்ணா வர்ற எடம் அது, அவ அவன் கடத்திட்டு வந்து சிறை வச்சிருக்குற பொண்ணு, அவகிட்ட போய் மதிப்பு எதிர்பாக்குறான். கொஞ்சம் தள்ளி இந்திரசித்துகிட்ட பேசும்போது இதே இராவணன், நான் ஜெயிக்கலைன்னாலும் இராமன் பேர் நிக்குற வரைக்கும் என் பேரும் நிக்கும், "புகழுக்கும் இறுதி உண்டோ"ங்கிறான். அது அப்படியே புறநானூற்றுக் குரல். பழைய வீரனோட புகழாசை, கூடவே மடலேறாமலே நாணை இழந்தவனோட காமம், ரெண்டும் ஒரே உடம்புல. அவன் அழிஞ்சது அதனாலதான்னு நான் நினைக்குறேன்.

கும்பகர்ணன் என் மனசுக்கு ரொம்ப நெருக்கம், இதை ஒளிக்க விரும்பல. தூக்கத்துல இருந்து எழுப்பி போர்க்கோலம் போட்டதும் அவன் அண்ணன்கிட்ட முதல்ல கேட்டது, போர் வந்துடுச்சா, சானகியோட துயரம் இன்னும் தீரலையான்னு. அண்ணன் பண்ணது தப்புன்னு அவனுக்குத் தெரியும், தோக்கப் போறதும் தெரியும். விபீஷணன் களத்துக்கே வந்து இந்தப் பக்கம் வந்துடுன்னு கூப்பிடுறான், அவன் மறுக்குறான், "நீர்க்கோல வாழ்வை நச்சி", தண்ணியில போட்ட கோலம் மாதிரி இருக்குற இந்த வாழ்க்கைக்கு ஆசைப்பட்டு, இவ்வளவு நாள் என்னை வளத்து போர்க்கோலம் போட்டு அனுப்புனவனுக்கு உயிரைக் கொடுக்காம வரமாட்டேன்கிறான். தம்பியைத் திட்டவும் இல்ல, நீ போனது சரிதான்னு அனுப்பி வைக்குறான். ஒரே கேள்விக்கு ரெண்டு தம்பிங்க ரெண்டு பதில் சொல்றாங்க, கம்பன் ரெண்டையும் மதிக்குறான். கடைசியில மூக்கு அறுபட்டு, கையும் காலும் போய் கிடக்கும்போது இராமன்கிட்டயே கேக்குறான், மூக்கில்லாத முகம்னு யாரும் பாக்கக் கூடாது, என் கழுத்தை அறுத்து தலையைக் கடலுக்குள்ள போட்டுடு. எதிரியை நம்பி தன் மானத்தை ஒப்படைக்குறான், எதிரியும் அப்படியே செஞ்சு கொடுக்குறான்.

அப்போ இராமன் எந்த மாதிரி ஹீரோ? பட்டம் உனக்குன்னப்பவும் காட்டுக்குப் போன்னப்பவும் "சித்திரத்தின் அலர்ந்த செந்தாமரை" மாதிரி ஒரே முகமா இருந்தவன்னு சீதை அசோகவனத்துல நினைச்சுப் பாக்குறா. அப்படிப்பட்ட ஒருத்தன் நாணப்படுற எடத்தைக் கண்டுபிடிக்கவே கஷ்டம், ஆனா கம்பன் ஒரு எடம் வச்சிருக்கான், அதுவும் எல்லாம் முடிஞ்சதுக்கு அப்புறம். இராவணன் செத்து விழுந்து கிடக்கான். இராமன் தேரை இறக்கச் சொல்லி கிட்டப் போய்ப் பாக்குறான். முதுகுல தழும்பு! அவன் முகம் மாறிடுது. ஏற்கனவே கார்த்தவீரியன்கிற ராஜா கையால கட்டிப் போடப்பட்டவன்னு இவனைப் பத்தி ஒரு பேச்சு இருக்கு, அதைக் கேட்டே நாணிட்டு இருக்குற எனக்கு, போர்ல முதுகு காட்டி ஓடுனவனைத்தான் கொன்னிருக்கேன்னா இந்த வெற்றியே வீண்தானேங்கிறான். பொண்டாட்டியைத் தூக்கிட்டுப் போனவன், தன் உயிருக்கு உயிரானவங்களை எல்லாம் அடிச்சவன், அவன் கோழையா இருந்திருக்கக் கூடாதேன்னு ஜெயிச்சவன் தவிக்குறான்.

விபீஷணன் கண்ணுல தண்ணி வருது. அண்ணனை விட்டுட்டு வந்தவன், அண்ணன் சாவுக்கு வழி சொன்னவன், இப்போ அண்ணனோட மானத்துக்கு அவன்தான் சாட்சி சொல்லணும். இது எதிரியோட ஆயுதம் பட்ட புண் இல்ல, எட்டுத் திசை யானைகளோட மோதினப்போ அதுங்களோட கொம்பு நெஞ்சுல பாஞ்சு முதுகு வரைக்கும் போன தழும்புன்னு சொல்றான். முன்னாடி நுழைஞ்சு பின்னாடி வந்த புண். வெண்ணியில சேரலாதன் முதுகுல இருந்த அதே புண், கிட்டத்தட்ட ஆயிரம் வருஷம் கழிச்சு இலங்கையில இராவணன் முதுகுல. அந்தச் சேரன் வடக்கிருக்க முடிவு பண்றதுக்கு முன்னாடி அவனுக்காக வெண்ணியில எடுத்துச் சொல்ல யாரும் வரல, அவனே வாளை வச்சுட்டு உக்காந்துட்டான். இங்க தம்பி இருக்கான், சொல்றான், இராமன் கேட்டுட்டு மனசு ஆறி, போய் உன் அண்ணனுக்குச் செய்ய வேண்டிய கடனைச் செய்யுன்னு அனுப்பி வைக்குறான்.